போஸ்ட் கார்டுல செஸ் ஆடுறது எப்படி: மூடின ஸ்பானிஷ் ஓப்பனிங்க வச்சு ஒரு முழு வழிகாட்டி

நாகர்கோவில்ல இருந்து குலசேகரத்துக்கு பஸ் ஏறினா ஒரு ஒண்ணேகால் மணி நேரம், அவ்வளவுதான் தூரம். அந்த தூரத்துல இருக்க எங்க மாமாவும் நானும் ஆடின ஒரே ஒரு செஸ் ஆட்டம் முடிய 11 மாசம் ஆச்சு. ஆனி மாச சாரல்ல தொடங்கி அடுத்த வைகாசில முடிஞ்சுது. என் பக்கம் மட்டும் 31 போஸ்ட் கார்டு, கார்டு ஒண்ணு 50 காசு, மொத்தம் பதினஞ்சர ரூபா செலவு. இத சொன்னா எல்லாரும் கேக்குற முதல் கேள்வி, போன்ல ஆடினா என்னன்னு தான். ஆடலாம், நானும் ஆடுறேன். ஆனா மெதுவா நகர்ற ஓப்பனிங்க, அதாவது ஆட்டத்தோட முதல் சில மூவ, மெதுவா ஆடினா தான் அதுக்குள்ள என்ன இருக்குன்னு தெரியும், அஞ்சு நிமிஷ ஆட்டத்துல பத்து வருஷமா ஸ்பானிஷ் ஆடி எனக்கு வராத அறிவு இந்த ஒரே ஆட்டத்துல வந்துது. அதனால தான் ஆரம்பத்துல இருந்து ஒவ்வொண்ணா எழுதுறேன், படிச்சு முடிச்சதும் நீங்களே ஒரு ஆள பிடிச்சு நாளைக்கே முதல் கார்டு போடலாம்.

முதல்ல ஆளு, அப்புறம் பேச்சு

எதிராளி உங்களவிட பெரிய ஆட்டக்காரரா இருக்கணும்னு இல்ல, பாதில விட்டுட்டு போகாத ஆளா இருந்தா போதும், கார்டு ஆட்டத்துல அது ஒண்ணு தான் முக்கியம். எங்க மாமா ஸ்கூல்ல டிராயிங் மாஸ்டரா இருந்து ரிட்டயர் ஆனவங்க, இப்ப வீட்டுக்கு பின்னால கொஞ்சம் ரப்பர் இருக்கு, விடியறதுக்கு முன்னாடி எழும்பி பால் வெட்ட போயிருவாங்க, மத்தியானம் மேல ஃப்ரீ. நான் வடசேரில ஒரு கடைல கணக்கு பாக்குறேன், வீட்டுக்கு வர ராத்திரி ஆயிரும். ரெண்டு பேருக்கும் ஒரே நேரத்துல ஒரு மணி நேரம் கூட கிடைக்காது, அப்படி உள்ளவங்களுக்கு தான் இந்த ஆட்டம் செய்ஞ்சு வச்ச மாதிரி பொருந்தும்.

ஆட்டம் தொடங்குறதுக்கு முன்னாடியே கண்டிஷன பேசி, பேப்பர்ல எழுதி, ரெண்டு பேரும் கையெழுத்து போட்டு ஆளுக்கு ஒரு காப்பி வச்சுக்குங்க, சொந்தக்காரங்கன்னா கண்டிப்பா எழுதி வைங்க. நாங்க எழுதினது இது தான். 10 மூவுக்கு 30 நாள். எதிராளி கார்டு கையில கிடைச்ச நாள்ல இருந்து நம்ம பதில் கார்டுல விழற தபால் முத்திரை தேதி வரைக்கும் உள்ள நாள் மட்டும் தான் நம்ம கணக்கு, கார்டு வழியில கிடக்குற நாள் யார் தலையிலயும் இல்ல. கிடைச்ச அன்னைக்கே பதில் போட்டா பூஜ்யம் நாள். 14 நாளா பதில் வரலேன்னா அதே மூவ இன்னொரு கார்டுல அப்படியே திருப்பி எழுதி அனுப்பணும். ஆட முடியாத மூவ் எழுதினா 3 நாள் அபராதம், திருத்தி அனுப்பலாம். ஆட முடியுற மூவ் எழுதிட்டா அவ்வளவுதான், அது கைதவறி எழுதினதா இருந்தாலும் நிக்கும். இந்த கடைசி வரிய நல்லா ஞாபகம் வச்சுக்குங்க, பின்னால வருது.

புக்கு பாக்கலாமா கூடாதான்னும் முதல்லயே பேசணும். கார்டு ஆட்டத்துல ஓப்பனிங் புக்கு பாக்குறது காலங்காலமா உள்ள பழக்கம், அது கள்ளாட்டம் இல்ல. நல்ல மூவ தானே தேடிச் சொல்ற கம்ப்யூட்டர் இஞ்சின் தான் பிரச்சினை. லிச்செஸ்ங்குற செஸ் ஆப்புல கரஸ்பாண்டன்ஸ் ஆட்டம், அதாவது ஒரு மூவுக்கு நாள் கணக்குல நேரம் உள்ள ஆட்டம் ஆடினா ஓப்பனிங் புக்கு பாக்கலாம், இஞ்சின் பாக்கக் கூடாது. 1951ல தொடங்கின சர்வதேச கரஸ்பாண்டன்ஸ் செஸ் ஃபெடரேஷன் நடத்துற போட்டிகள்ல இஞ்சினே பாக்கலாம், தடையில்ல. நாங்க புக்கு சரி, இஞ்சின் வேண்டாம்னு முடிவு பண்ணினோம். சந்தேகப்பட்டா இந்த ஆட்டமே ஆட முடியாது, அதனால மாமா இஞ்சின் பாத்தாங்களான்னு நான் ஒரு நாளும் யோசிச்சது இல்ல.

நம்பர் பாஷை

அடுத்தது மூவ எப்படி எழுதுறதுன்னு. நம்ம ஊர்லயே ஒருத்தர் மந்திரிங்குற காய இன்னொருத்தர் பிஷப்புன்னுவாங்க, சிலருக்கு மந்திரின்னா ராணி. ஹிந்தில பிஷப்பு ஒட்டகம், ஜெர்மன்ல ஓட்டக்காரன், பிரெஞ்சுல கோமாளி. நாடு விட்டு நாடு கார்டு போட்டவங்களுக்கு இது பெரிய தலவலி, அதுக்காக வந்தது தான் நம்பர் முறை. காய் பேரே கிடையாது. பலகைல ஏ, பி, சின்னு போற எட்டு நெட்டு வரிசைக்கும் 1ல இருந்து 8 வரை நம்பர், கீழ இருந்து மேல போற கிடை வரிசைக்கு ஏற்கெனவே 1 முதல் 8 இருக்கு. ஒரு கட்டத்துக்கு ரெண்டு இலக்கம், நெட்டு வரிசை முதல்ல. இ2ங்குறது 52, இ4ங்குறது 54, அப்ப ராஜா முன்னால உள்ள சிப்பாய ரெண்டு கட்டம் தள்ளினா 5254. கிளம்புற கட்டம், சேர்ற கட்டம், நாலு இலக்கம், முடிஞ்சுது. வெட்டுனது, செக்கு எதுவும் குறிக்க வேண்டாம். ராஜாவும் யானையும் ஒரே மூவுல இடம் மாறுற கேசிலிங்குக்கு ராஜா போற பாதைய மட்டும் எழுதணும், வெள்ளைக்கு சின்ன பக்கம் 5171, கறுப்புக்கு 5878. சிப்பாய் கடைசி வரைக்கும் போய் மாறினா அஞ்சாவதா ஒரு இலக்கம், ராணிக்கு 1, யானைக்கு 2, பிஷப்புக்கு 3, குதிரைக்கு 4.

ஒரு வாரம் கஷ்டமா இருக்கும், அப்புறம் கண்ணு தானா பழகிரும். கார்டு திறந்த கார்டு தான, எங்க போஸ்ட்மேன் அண்ணன் ரெண்டு மாசம் பாத்துட்டு ஒரு நாள் அம்மாகிட்ட இது என்ன கேரளா லாட்டரி நம்பரான்னு கேட்டுட்டாங்க. அம்மா விவரம் சொன்ன பொறவு கார்டு வந்தா வாசல்ல நின்னே "மாமா மூவு வந்துட்டு"ன்னு குரல் குடுப்பாங்க.

கார்டும் நோட்டும்

ஒரு கார்டுல என்னென்ன இருக்கணும்னா, ஆட்டத்து நம்பர், எதிராளியோட கடைசி மூவ நம்ம கையால திருப்பி எழுதினது, அவங்க கார்டு கிடைச்ச தேதி, நம்ம மூவ், அனுப்புற தேதி, இந்த மூவுக்கு எத்தன நாள், மொத்தம் எத்தன நாள். எதிராளி மூவ திருப்பி எழுதுறது வெட்டி வேலைன்னு தோணும், ஆனா ரெண்டு பலகையும் ஒண்ணா நிக்குதான்னு பாக்க வேற வழி இல்ல. மிச்சம் இடத்துல நாலு வரி வீட்டு விசேஷம் எழுதலாம். பால் பாயிண்ட் பேனா மட்டும் தான், ஜெல் பேனா வேண்டவே வேண்டாம். நம்ம மாவட்டத்துல ஆனி ஆடிலயும் மழை, ஐப்பசி கார்த்திகைலயும் மழை, வருஷத்துல பாதி நாள் கார்டு நனைஞ்சு தான் வரும். எங்க ரெண்டாவது கார்டுல 8க்கும் 3க்கும் வித்தியாசம் தெரியாம மை பரவி வந்துது, அன்னைக்கே மாமா பேனாவ மாத்தினாங்க. பின்கோடு ஆறு கட்டத்தையும் ஒழுங்கா நிரப்புங்க, நம்ம மாவட்டம் 629ல தொடங்கும், ஒரு இலக்கம் தப்பினா கார்டு எங்கயாவது சுத்திட்டு பத்து நாள் கழிச்சு வரும்.

நோட்டு ஒண்ணு தனியா போடுங்க. இடது பக்கம் மூவ் நம்பர், தேதி, நாள் கணக்கு. வலது பக்கம் காலியா விட்டு அதுல உங்க யோசனைய வார்த்தையா எழுதுங்க. இந்த வலது பக்கம் தான் இந்த வழிகாட்டியோட உயிர், ஏன்னு சொல்றேன். பலகை ஒண்ணு நிரந்தரமா விரிச்சு வச்சுருங்க, சின்ன மேக்னட் பலகையா இருந்தா நல்லது. ஆராய்ச்சி பண்ண வேற பலகை, நடப்பு நிலைமை நிக்குற பலகைல கை வைக்கவே கூடாது, எங்க வீட்டுல அத சாமி படத்துக்கு பக்கத்துல அலமாரி மேல வச்சிருந்தோம்.

ஏன் மூடின ஓப்பனிங்

தபால்ல செஸ் ஆடுறது புதுசில்ல, லண்டனும் எடின்பர்க்கும் 1824ல இருந்து 1828 வரைக்கும் கடுதாசில ஆடி எடின்பர்க் ஜெயிச்சுது, ஸ்காட்ச் ஓப்பனிங்குன்னு பேரு வந்ததே அந்த ஆட்டத்தால தான். ஸ்காட்ச் திறந்த ஓப்பனிங், நடுவுல சிப்பாய் சீக்கிரமே வெட்டுப்பட்டு வழி திறந்துரும். அதுவும் நல்ல ஓப்பனிங் தான். ஆனா திறந்த நிலைமைல ஒரு மூவ் தப்பினா அடுத்த கார்டுலயே ஆட்டம் முடிஞ்சுரும், ரெண்டு மாசம் காத்திருந்து 12வது மூவுல தோத்தா மனசு விட்டுரும், பொறவு ஆடவே தோணாது. மூடின ஓப்பனிங்ல சிப்பாய்ங்க ஒண்ணுக்கொண்ணு முட்டி நின்னுருது, காய்ங்க பின்னால மெதுவா இடம் மாறுது, "இந்த குதிரைய எங்க வைக்கணும்"ங்குற கேள்விய நாலு நாள் யோசிக்கலாம். அதுக்கு ராஜா யாருன்னா என் கணக்குல மூடின ஸ்பானிஷ். ரூய் லோபஸ்ங்குற ஸ்பெயின் நாட்டு பாதிரியார் 1561ல போட்ட செஸ் புக்கால அவர் பேராலயே ரூய் லோபஸ்னும் சொல்லுவாங்க.

முதல் 9 மூவ்

என் நோட்டுல இருக்குறபடி அப்படியே தாரேன், வெள்ளை நான், கறுப்பு மாமா. பலகைய எடுத்து வச்சு நம்பர பாத்து நகத்துங்க, பாஷையும் பழகும்.

1. 5254 5755
2. 7163 2836
3. 6125 1716
4. 2514 7866
5. 5171 6857
6. 6151 2725
7. 1423 4746
8. 3233 5878
9. 8283

3வது மூவுல வெள்ளை பிஷப்பு பி5க்கு போய் சி6ல நிக்குற குதிரைய மிரட்டுது, அந்த குதிரை தான் இ5 சிப்பாய்க்கு காவல். மாமா ஏ6 தள்ளி பிஷப்ப விரட்டுறாங்க. குதிரைய வெட்டிட்டு இ5 சிப்பாய எடுத்தா என்னன்னு புதுசா ஆடுறவங்க எல்லாரும் கேப்பாங்க, எடுத்தா கறுப்பு ராணி டி4க்கு வந்து குதிரையையும் இ4 சிப்பாயையும் ஒண்ணா அடிக்கும், எடுத்த சிப்பாய திருப்பி குடுக்க வேண்டியது தான். அதனால பிஷப்பு ஏ4க்கு பின்வாங்குது.

5வது மூவுல தான் ஓப்பனிங் மூடுறதா திறக்குறதான்னு முடிவாகுது. கறுப்பு குதிரை இ4ல உள்ள சிப்பாய வெட்டினா அது திறந்த ஸ்பானிஷ், மாமா மாதிரி பிஷப்ப இ7ல வச்சா மூடினது. வெள்ளை யானை இ1க்கு வந்ததும் இ4 பலமாயிருச்சு, இப்ப நிஜமாவே குதிரைய வெட்டி இ5ல சிப்பாய தூக்க முடியும், அதான் கறுப்பு உடனே பி5 தள்ளி பிஷப்ப பி3க்கு விரட்டுது. இங்க ஒரு எச்சரிக்கை, 7வது மூவுல கறுப்பு டி6 தள்ளாம கேசிலிங் பண்ணி, அடுத்து டி5 தள்ளி ஒரு சிப்பாய தானமா குடுத்தா அது மார்ஷல் அட்டாக், வெள்ளை ராஜா மேல பெரிய தாக்குதல் வரும். கார்டு ஆட்டத்துல எதிராளி ஆற அமர புக்கு பாத்து ஆடுவாங்க, அதனால மார்ஷலுக்கு தயார் இல்லாதவங்க 8வது மூவுல சி3க்கு பதிலா ஏ4 தள்ளி ஒதுங்கிரலாம்.

சி3 தள்ளுறதுக்கு ரெண்டு காரணம். அடுத்து டி4 தள்ள பின்பலம், பிஷப்பு போய் ஒளிய சி2ல ஒரு வீடு. ஹெச்3 தள்ளுறது கறுப்பு பிஷப்பு ஜி4க்கு வந்து நம்ம குதிரைய கட்டிப்போடாம இருக்க. இந்த 9 மூவையும் நாங்க 9 கார்டுல அனுப்பல, எப்படின்னு இஃப் மூவ் பகுதில சொல்றேன்.

9வது மூவுக்கு பொறவு கறுப்புக்கு நாலஞ்சு பாதை இருக்கு. குதிரைய பழையபடி பி8க்கே திருப்பி கொண்டு போய் டி7 வழியா வேற இடத்துக்கு எடுக்குறது பிரேயர், ஹங்கேரிக்காரர் ஒருத்தர் பேரு. பிஷப்ப பி7ல வைக்குறது சைட்சேவ், உலக சாம்பியனா இருந்த கார்ப்போவுக்கு பயிற்சி குடுத்தவரு பேரு. மாமா எடுத்தது எல்லாத்துலயும் பழசான சிகோரின், குதிரைய ஏ5 ஓரத்துக்கு கொண்டு போய் பிஷப்ப மிரட்டி, சி5 தள்ளி இடம் பிடிக்குறது. நோட்டுல இப்படி போகுது: 9வது மூவுக்கு பதில் 3615, அப்புறம் 2332 3735, 4244 4837, 2142 1536.

நடுவ எப்ப மூடணும்

12வது மூவுக்கு பொறவு டி4லயும் இ4லயும் வெள்ளை சிப்பாய், சி5லயும் இ5லயும் கறுப்பு சிப்பாய், ஒண்ண ஒண்ணு வெட்டலாம், யாரும் வெட்டல. பேச்சிப்பாறை டேம்ல தண்ணி நெறஞ்சு நிக்குற மாதிரி, ஷட்டர எப்ப தூக்குறது, இல்ல அப்படியே அடைச்சே வைக்குறதாங்குறது தான் கேள்வி. எனக்கு மூணு வழி இருந்துது, டி4 சிப்பாயால வெட்டுறது, அப்படியே விடுறது, டி5 தள்ளி மூடுறது. இதுக்கு தான் எட்டு நாள் எடுத்தேன், மொத்த ஆட்டத்துலயும் அதிக நாள் எடுத்த மூவ் இது.

வலது பக்கத்துல அன்னைக்கு எழுதினது இப்பவும் இருக்கு: "டி5 தள்ளினா மாமா குதிரை மறுபடி இடம் தேடணும். ராணி பக்கம் ஏ வரிசைய நான் திறக்கலாம். ராஜா பக்கம் எஃப்4. பி1 குதிரை டி2, எஃப்1, ஜி3 வழியா ராஜா பக்கம் போகணும். மாமா எஃப்5 தள்ள விடக் கூடாது." இதுல ஒரு மூவ் நம்பர் கூட கிடையாது, கவனிச்சீங்களா. மூடின நிலைமைல முதல்ல காய்ங்களுக்கு வீடு எங்கன்னு வார்த்தைல எழுதுங்க, பொறவு மூவ தேடுங்க. நான் முன்ன எல்லாம் மூவ தேடிட்டு காரணத்த கண்டுபிடிப்பேன், அதனால தான் அஞ்சாறு மூவுக்கு ஒருக்கா என் காய்ங்க ஒண்ணு மேல ஒண்ணு முட்டிட்டு நிக்கும்.

இந்த மாதிரி நிலைமைக்கு பாடமா வைக்க வேண்டிய ஆட்டம் 1974ல நீஸ் நகரத்துல நடந்த செஸ் ஒலிம்பியாட்ல கார்ப்போவ், உன்சிக்கர்ங்குற ஜெர்மன் ஆட்டக்காரர ஜெயிச்ச ஆட்டம். இதே பாதை தான், 13ல டி5, 14ல ஏ4, 15ல வெட்டு, 16ல பி4 வரைக்கும் எங்களோடதும் அதும் ஒண்ணு. அதுல ஏ வரிசை திறந்து கிடக்கு, ரெண்டு பேர் யானையும் நேருக்கு நேர், சாதாரணமா எல்லாரும் யானைய வெட்டி மாத்திருவாங்க. கார்ப்போவ் 24வது மூவுல 5317 ஆடினாரு, பிஷப்ப இ3ல இருந்து ஏ7க்கு, கறுப்பு யானைக்கு நேர் முன்னால கொண்டு போய் வழியையே அடைச்சாரு. கறுப்பால இனி யானைய மாத்த முடியாது, அடைப்புக்கு பின்னால கார்ப்போவ் ரெண்டு யானையையும் பைய ஒண்ணுக்கு பின்னால ஒண்ணா அடுக்கி வச்சிட்டு, உடனே அங்க அடிக்காம ராஜா பக்கம் போய் எஃப்4, எஃப்5 தள்ளி அந்த பக்கம் கழுத்த நெரிச்சாரு. ஏ வரிசைல எப்ப வேணா பிஷப்பு விலகும்ங்குற பயத்துலயே கறுப்பு காய்ங்க ரெண்டு பக்கமும் ஓட முடியாம 44வது மூவுல ஆட்டம் முடிஞ்சுது. இத பலகைல ஒரு தடவ நகத்தி பாருங்க, அப்புறம் அந்த 24வது மூவுல நிறுத்தி ஒரு நாள் முழுக்க அப்படியே விட்டு வைங்க, சாப்பிட போறப்ப வாறப்ப ஒரு பார்வை பாருங்க. கார்டு ஆட்டம் ஆடுறவனுக்கு அப்படி பாக்க நேரம் உண்டு.

எங்க ஆட்டத்துல மாமா 16வது மூவுல பிரிஞ்சு போய்ட்டாங்க. நோட்டுல: 4445 3648, 1214 1828, 1425 1625, 2224 3534. மாமா சி4 தள்ளி ராணி பக்கத்த பூட்டிட்டாங்க. அப்ப மீதி இருக்குறது ராஜா பக்கம் மட்டும் தான், ரெண்டு பேரும் காய திருப்பி அங்க ஓட்டினோம்: 4261 6658, 6382 6766, 6264 4867, 8263 7776, 6465 5877. 21வது மூவுல என் சிப்பாய் எஃப்5ல ஏறி உக்காந்துட்டு, மாமாவோட ஜி6 சிப்பாய், சி8 பிஷப்பு, ஜி7 குதிரை மூணும் அதையே பாத்துட்டு நிக்குது.

கைதவறின ராத்திரி

இந்த இடத்துல வெள்ளைக்கு நான் பாத்த நல்ல மூவ் ஜி4. ஏன்னு எண்ணி பாருங்க. ஜி4ல சிப்பாய் நின்னா, கறுப்பு எஃப்5ல வெட்டினா நான் ஜி சிப்பாயால திருப்பி வெட்டுவேன், இ4 சிப்பாயும் சி2 பிஷப்பும் இன்னும் காவல், சுவரு அசையாது. ரெண்டு நாள் முன்னாடியே நோட்டுல 7274ன்னு எழுதி அடிக்கோடும் போட்டுட்டேன். அன்னைக்கு தீபாவளி நேரம், கடைல கணக்கு முடிய பத்தர மணி, நல்ல மழை, வீட்டுக்கு வந்து கார்டு எழுதி பைல வச்சிட்டு படுத்துட்டேன், காலைல பெட்டில போட்டேன்.

ஆறு நாள் கழிச்சு மாமா கார்டு வந்துது. ஓரத்துல ரப்பர் பால் காஞ்சு ஒட்டியிருந்துது, அவங்க எழுத்து டிராயிங் மாஸ்டர் எழுத்து, ஒவ்வொரு இலக்கமும் அச்சு மாதிரி இருக்கும். "7273 கிடைச்சுது. மக்களே, இது நீ நெனச்சு ஆடினது தானா? எழுதின கண்டிஷன் நிக்கட்டும். 7665." நோட்ட எடுத்து பாத்தேன், 7274. கார்டுல போனது 7273, ஜி3. ஆட முடியுற மூவ், நிக்கும். வந்த வெப்ராளத்துல அன்னைக்கு ராத்திரி சோறு இறங்கல.

ஜி3ல சிப்பாய் நின்னா என்ன ஆகுதுன்னா, கறுப்பு எஃப்5ல வெட்டினதும் எனக்கு இ4 சிப்பாயால தான் திருப்பி வெட்ட முடியும். இப்ப எஃப்5க்கு காவல் சி2 பிஷப்பு ஒண்ணே ஒண்ணு, அடிக்குறது மாமாவோட பிஷப்பும் குதிரையும் ரெண்டு. 5465 3865, 3265 7765, ஒரு சிப்பாய் போச்சு. ஒரே ஒரு இலக்கத்துல.

அதுக்கு பொறவு நான் பழகின முறை இது, இத நீங்க முதல் நாள்ல இருந்தே பழகுங்க. மூவ முடிவு பண்ணின ராத்திரி கார்டு எழுதுங்க, ஆனா போடாதீங்க. மறுநாள் காலைல நோட்ட பாக்காம கார்ட மட்டும் கைல எடுத்து, அதுல உள்ள நாலு இலக்கத்த பாத்து ஆராய்ச்சி பலகைல காய நகத்துங்க. எதிராளி எப்படி படிப்பாங்களோ அப்படி. பலகைல வந்து நிக்குற நிலைமை நீங்க நெனச்சது தானான்னு பாத்துட்டு தான் பெட்டிக்கு போகணும். வீட்டுல வேற யாராவது நம்பர வாசிக்க நீங்க நகத்தினா இன்னும் நல்லது, எங்க வீட்டுல தங்கச்சி வாசிப்பா.

சிப்பாய் போன நிலைமைய எப்படி தாங்குனேன்னும் சொல்லணும், மூடின நிலைமைக்கு இருக்க பெரிய பலம் அது. திறந்த ஆட்டமா இருந்தா ஒரு சிப்பாய் கம்மின்னா மெல்ல மெல்ல தோல்வி தான். இங்க சிப்பாய் போனதுல எனக்கு இ4 கட்டம் காலியாச்சு. மாமாவோட பிஷப்பு இ7ல, அதுக்கு முன்னால அவங்களோட சொந்த சிப்பாய்ங்க டி6, இ5, எஃப்6ல சுவரு கட்டி நிக்குது, அந்த பிஷப்பு லேசுல வெளிய வர முடியாது. 7374 தள்ளி குதிரைய விரட்டினேன், 6577, என் குதிரை 6173, அடுத்து 7354. இ4ல உக்காந்த அந்த குதிரைய அசைக்க மாமாவுக்கு கையில ஆளு இல்ல. ஒரு சிப்பாய் கம்மி, ஆனா என் குதிரை அவங்க பிஷப்பவிட எத்தனையோ மடங்கு வேலை பாக்குது. 38வது மூவுல மாமா டிரா கேட்டாங்க.

இஃப் மூவ்

கார்டயும் நாளயும் மிச்சம் பிடிக்க உள்ள வழி இது. நான் இத ஆடுறேன், நீங்க அத ஆடினா நான் இத ஆடுவேன்னு சேத்து எழுதுறது. உதாரணத்துக்கு 25வது மூவுக்கு நான் எழுதினது: "7374. 6577 ஆடினா 6173." மாமா அதே ஆடினா ஒரே கார்டுல ரெண்டு மூவ் முடிஞ்சுது, வேற ஆடினா இஃப் செல்லாது. ஓப்பனிங்ல ரெண்டு பேருக்கும் தெரிஞ்ச பாதைய இப்படியே கொத்தா அனுப்பலாம், எங்களோட முதல் 8 மூவும் மூணே கார்டுல போச்சு. எழுதிட்டா மாத்த முடியாது, அதனால எதிராளிக்கு வேற நல்ல மூவே இல்லாத இடத்துல மட்டும் எழுதுங்க.

"எது ஆடினாலும்"னு மட்டும் ஒரு நாளும் எழுதாதீங்க. வெள்ளை டி4 ஆடினதுக்கு கறுப்பு "ஜி6, அடுத்து நீங்க எது ஆடினாலும் பிஷப் ஜி7"ன்னு எழுதினா, வெள்ளை பிஷப்ப நேரா ஹெச்6ல கொண்டு போய் வைப்பாங்க. கறுப்பு குதிரையால அத வெட்டலாம், ஆனா சொன்ன வாக்கு ஜி7, ஆடியே ஆகணும். ஆடினதும் வெள்ளை ஜி7ல வெட்டும், பிஷப்பும் போய், பின்னால மூலைல நிக்குற யானையும் மாட்டும்.

நாள் கணக்கு

10 மூவுக்கு 30 நாள்ங்குறது தாராளமா தோணும், ஆனா சராசரி மூவுக்கு மூணே நாள். தெரிஞ்ச ஓப்பனிங்க்கு பூஜ்யம், ஒண்ணுன்னு போட்டு சேத்து வச்சு, 13வது மூவு மாதிரி நடுவ மூடவா திறக்கவாங்குற இடத்துல செலவு பண்ணுங்க. எதிராளியோட நாள் போக்கையும் பாத்துக்கலாம். மழை பெய்ஞ்சா பால் வெட்டு இல்ல, அதனால ஐப்பசி முழுக்க மாமா கார்டு அடுத்தடுத்து வந்துது, ஒவ்வொரு மூவும் நல்லா யோசிச்ச மூவ். மழை விட்டு வெட்டு தொடங்கினதும் கார்டு பைய வந்துது. ஒரே நேரத்துல ரெண்டு ஆட்டத்துக்கு மேல எடுக்காதீங்க, எனக்கு ஒண்ணே போதுமாருந்துது.

முடிக்குறது

டிரா கேக்கணும்னா மூவோட சேத்து தான் கேக்கணும், வெறும் கார்டுல டிரா மட்டும் கேட்டா அந்த நாளும் உங்க கணக்குல ஓடும். ஒத்துக்குறவங்க முழு ஆட்டத்தையும் ஒரு தடவ நம்பர்ல எழுதி, கையெழுத்து போட்டு அனுப்பணும், மத்தவங்க சரி பாத்து கையெழுத்து போடணும். எங்க 38வது மூவு கார்டு ரெண்டையும் மாமா ஒரு ரப்பர் பேண்டு போட்டு கட்டி வச்சிருக்காங்க, 7273 எழுதின கார்டயும் நான் கேட்டு வாங்கி நோட்டுக்குள்ள ஒட்டிட்டேன்.

வைகாசில ஆட்டம் முடிஞ்சு பத்து நாள்ல அடுத்த கார்டு வந்துது, இந்த தடவ மாமா வெள்ளை. "ஆட்டம் 2. 4244. கொள்ளாம் மழை, வெட்டு இல்ல." நான் பதில் ராத்திரி எழுதி வச்சேன், காலைல தங்கச்சி வாசிச்சா, ஏழு எட்டு ஆறு ஆறு, கறுப்பு குதிரைய எடுத்து எஃப்6ல வச்சு பாத்துட்டு, கடைக்கு போற வழில பெட்டில போட்டேன்.